வண்டி வராத ஊருக்கு டிரைவரோடு

அக்டோபர் 21, 1985 – திங்கள்

இன்றும் இரண்டு ஹாரன். காலை ஒன்பது நாற்பதுக்குத் திருவேங்கடம் பஸ் தபால் ஆபீஸைத் தாண்டும்போது பாம், பாம். கவுண்டரில் தபால்தலை வாங்க நின்ற நாலு பேரும் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார்கள். பக்கத்து சீட்டு ரசீதா, "அக்கா, உங்களுக்குத் தந்தி வந்திட்டு" என்றாள். மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்துப் பேரனும் எடுத்தாயிற்று. இந்த வயதில் இது தேவையா? தலையைக் குனிந்துகொண்டு ஒரு கவருக்கு முத்திரை குத்தினேன். குத்தின கவருக்கே மறுபடியும் குத்தினேன்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் இப்படி என் மானத்தை வாங்குகிறீர்கள் என்று.

"வளைவுல ஹாரன் அடிக்கணும்ட்டி. ரூல்."

"தபால் ஆபீஸ் முன்னால எங்க இருக்கு வளைவு? ரோடு நேராத்தான போவுது?"

"அது டிரைவருக்குத்தான் தெரியும்."

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற சங்கரநயினார் அவர்களிடம் ரோட்டைப் பற்றி வாதாட நான் யார்? விட்டுவிட்டேன்.

அக்டோபர் 24 – வியாழன்

போஸ்ட்மாஸ்டர் சிவராமலிங்கம் சார் இன்று மேஜைக்கே வந்துவிட்டார். "பிரம்மநாயகி அம்மா, டிசம்பரோட உங்க எல்.டி.சி. போயிரும். சர்க்கார் டிக்கெட் எடுத்துத் தாரேங்குது, நீங்க சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிய."

உண்மைதான். இந்த லீவுப் பயணச் சலுகையில் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியாவில் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வரலாம். ஆபீஸில் எல்லோரும் டெல்லி, காசி, காஷ்மீர் என்று பார்த்துவிட்டார்கள். ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற நான் சென்னைக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. எங்கே போவது என்று கேட்டால் இவர், "தினம் ஆறு நடை போயிட்டு வாரேன். இன்னும் எங்கட்டி போவ?" என்பார்.

அக்டோபர் 26 – சனி

ரசீதாவின் அண்ணன் கல்யாணில் துணிக்கடையில் இருக்கிறான். பம்பாய்க்குப் பக்கத்து ஊர். அவனிடமிருந்து ஒரு படக் கார்டு வந்தது. சிவந்த மண் பாதை, இரண்டு பக்கமும் அடர்ந்த மரம், நடுவில் ஒரு குதிரை. பின்னால் எழுதியிருந்தான்: "மாத்தேரான் என்ற மலை ஊர். இங்கே கார் கிடையாது, பஸ் கிடையாது, சைக்கிள்கூட விடமாட்டார்கள். நடக்கலாம் அல்லது குதிரை."

நான் அதைக் கையில் வைத்தபடியே இருந்தேன். ஹாரன் இல்லாத ஊர்! ரசீதா பிடுங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை.

அக்டோபர் 27 – ஞாயிறு

சொன்னேன். இந்த ஊருக்குப் போகலாம் என்று. இவர் கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் நல்லாருக்கு. மாடு கொழுகொழுன்னு இருக்கு."

"அது குதிரை."

"குதிரைதான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வண்டியைத் தவிர நாலு கால் உள்ளது எல்லாம் இவருக்கு மாடுதான். வர ஒப்புக்கொள்ளவும் இல்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேப்பரை என் பக்கம் தள்ளி, "கண்ணு எரியுது, நீ வாசி" என்றார். ஒரு வருஷமாக இதே கதை. மகாராஜாவுக்குப் பேப்பர் வாசிக்க ஒரு ஆள், காப்பி ஆற்ற ஒரு ஆள். இரண்டும் நான்தான்.

நவம்பர் 6 – புதன்

போஸ்ட்மாஸ்டர் சாருக்கு வருத்தம். கோயில் வாசலில் எதிரெதிரே வந்தும் இவர் கண்டுகொள்ளாமல் போய்விட்டாராம். "டிரைவர் அண்ணாச்சிக்கு நாங்கள்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றார், சிரித்துக்கொண்டுதான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வீட்டில் கேட்டால், "ரோட்டைப் பாக்குறவனுக்கு ஆளைப் பாத்துப் பழக்கமில்ல" என்கிறார். கோயில் வாசலிலுமா ரோட்டைப் பார்ப்பது? அப்படி ஒரு கர்வம். சொல்லிக்காட்டினேன்.

நவம்பர் 9 – சனி

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திருவேங்கடம் வரைக்கும் இவர் வண்டியிலேயே போனேன், ஒரு கல்யாணம் விசாரிக்க. கண்டக்டர் மூக்காண்டி டிக்கெட் கொடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் இவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறான். "அண்ணாச்சி, ஆடு." "அண்ணாச்சி, எதுக்க லாரி." "அண்ணாச்சி, கை காட்டுதாக." கண்டக்டருக்குப் பின்வாசல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று போல. இறங்கும்போது, "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிடுங்க, நான் வேணா விலகிக்கிடுதேன்" என்றேன். மூக்காண்டி வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். இன்று சிரிக்கவில்லை.

நவம்பர் 15 – வெள்ளி

ரசீதாவின் அண்ணன் வழி எழுதி அனுப்பிவிட்டான். இன்லண்ட் லெட்டரில் ஒரு இடம் விடாமல், மடிப்புக்குள்ளும் எழுதியிருக்கிறான். தபால்காரிக்குப் பிடித்த பிள்ளை.

நம்ம ஊரிலிருந்து கொல்லம் மெயிலில் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல். பம்பாய் மெயிலில் கல்யாண். நேரல் என்ற ஊரை அந்த மெயில் தாண்டித்தான் வரும், ஆனால் நிற்காது. அதனால் கல்யாணில் இறங்கி, கர்ஜத் போகிற லோக்கலில் ஏறி, வந்த வழியே திரும்பவேண்டும். வாங்கணி, சேலு, அதற்கு அடுத்தது நேரல். "லோக்கல் அரை நிமிஷம்தான் நிற்கும். போர்டைப் பார்த்துக்கொண்டே இருக்கவும்" என்று அடிக்கோடு போட்டிருக்கிறான். நேரலிலிருந்து மலைக்கு ஒரு குட்டி ரயில். காரில் போகிறவர்கள் தஸ்தூரி என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு அப்புறம் நடக்க வேண்டுமாம்.

இவர் கேட்டுக்கொண்டார். "வந்த வழியே திரும்பணுமா? ரூட் போட்டவனுக்கு அறிவில்லை" என்றார். அப்படியானால் வருகிறார்! ரூட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தால் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

நவம்பர் 20 – புதன்

ஜனவரியில் இவர் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டாக்டரிடம் கண்ணைக் காட்டிச் சர்டிபிகேட் வாங்கணும் என்று முதலாளி இரண்டு தடவை சொல்லிவிட்டாராம். "போயிட்டு வந்து பாத்துக்கிடலாம்" என்கிறார். ஊருக்குப் போவதில் திடீரென்று இத்தனை ஆர்வம் எங்கிருந்து வந்தது?

டிசம்பர் 1 – ஞாயிறு

முறுக்கு சுட்டேன். கை இரண்டும் போச்சு.

டிசம்பர் 8 – ஞாயிறு

ரயிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

ஸ்டேஷனுக்கு மூக்காண்டி வந்திருந்தான். "அண்ணாச்சி, வண்டி இல்லாத ஊருல போயி எதை ஓட்டுவீய?" "உங்க அக்கா இருக்காளேடே" என்றார் இவர். பிளாட்பாரமே சிரித்தது. ரயில் கிளம்பும்போது மூக்காண்டி ஜன்னல் வழியாக இவர் கையைப் பிடித்து, "அங்கன நல்லா ஓய்வு எடுங்க. யோசிங்க" என்றான். ஓய்வு சரி. யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?

ராஜபாளையம் வந்துவிட்டது. இவர் எஞ்சின் டிரைவரின் பிரேக்கைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 10 – செவ்வாய்

நேற்று எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு வந்து, பகல் முழுக்க வெயிட்டிங் ரூம் பெஞ்சில் கிடந்தோம். ராத்திரி ஏறினது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே எந்த ஊர் என்று தெரியவில்லை, மண் நம்ம திருவேங்கடம் கரிசல் மாதிரியே இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தும் அதே மண்ணா என்று இவருக்கு ஏமாற்றம்.

டிசம்பர் 11 – புதன், மாத்தேரான்

வந்து சேர்ந்தோம். எப்படி என்று எழுதினால்தான் எனக்கு ஆறும்.

விடியுமுன் கல்யாண். ரசீதாவின் அண்ணன் வந்து லோக்கலில் ஏற்றிவிட்டுக் கடை திறக்க ஓடினான். எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் பாக்கி. "நீ கண்ணை மூடு, போர்டை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இருபத்திரண்டு வருஷ டிரைவர் சொன்னால் நம்பாமல்? கண்ணை மூடினேன். விழித்தபோது எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கர்ஜத். கடைசி ஸ்டேஷன்! நேரல் எப்போதோ போய்விட்டது.

"போர்டு இந்தியில எழுதியிருந்தான்" என்றார்.

"இங்கிலீஷ்லயும் இருக்கும்லா?"

"சின்ன எழுத்து."

திரும்பி வருகையில் நேரல் போர்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கதவு அகலம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். ஒன்றும் சொல்லவில்லை, ஊர் போனபிறகு மூக்காண்டியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். இவர் அந்தப் போர்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

காலை ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் வரும்வரை முறுக்கு தின்றோம்.

அந்தக் குட்டி ரயிலைப் பற்றி என்ன எழுத! நம்ம ஊர் மாட்டு வண்டி ஜெயித்துவிடும். ஆட்கள் இறங்கி, பக்கத்திலேயே நடந்து, மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். மலையை வளைத்து வளைத்து ஏறுகிறது. வளைவுக்கு வளைவு இவர் வலது கால் பலகையை அழுத்துகிறது. பாதி வழியில் ஒரு சின்னக் குகை. அதற்கு 'ஒரு முத்தக் குகை' என்று பேராம், அவ்வளவு நேரம்தான் இருட்டு. எதிர் சீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. அவர்கள் என்ன செய்தார்களோ. இருட்டில் இவர் சொன்னது: "ஹெட்லைட் போடாம உள்ள விடுதானே!"

ஸ்டேஷனில் இறங்கி நின்றதும் காது அடைத்தது போல ஒரு அமைதி. குளிர்ந்த காற்று, செம்மண் வாசனை. எஞ்சின் சத்தம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத மாதிரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். இவரைப் பார்த்தேன். திருவிழாவில் கையை விட்ட பிள்ளை போல நின்றார். அந்த நேரம் ஒரு குரங்கு நேராக எதிரே வந்து, இவர் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. குரங்கு மரத்தில் ஏறின பிறகுதான் கையைப் பார்க்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

டிசம்பர் 12 – வியாழன்

இனிமேல் சிரிக்க மாட்டேன்.

காலையில் ஏரி பார்க்கக் கிளம்பினோம். செம்மண் பாதை, பொடி மாதிரி மிருதுவாக, நடக்கிறவர்கள் காலடிகூடக் கேட்காது. இவர் பாதை நடுவில் முன்னால் போனார். நான் செருப்பு வார் சரிசெய்யக் குனிந்தேன். நிமிர்ந்தபோது எதிரே ஒரு குதிரை வேகமாக வந்துகொண்டிருந்தது. மேலே ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை. கடிவாளம் பிடித்த ஆள் கூடவே ஓடிவந்து கத்துகிறான். நல்ல வெளிச்சம். மரம்கூட மறைக்கவில்லை. இவர் விலகவில்லை. குதிரையை நேரே பார்த்துக்கொண்டே நடக்கிறார்!

நான் போட்ட சத்தம் எனக்கே தெரியாது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேரும் பள்ளத்தில் விழுந்தோம். குதிரை பின்னங்காலில் எழும்பிவிட்டது. அந்தப் பிள்ளை சரிந்து விழப் போனது, அந்த ஆள் எப்படியோ தாங்கிக்கொண்டான். அடி இல்லை. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அழுத அழுகை!

ஒரு கல் பெஞ்சில் உட்காரவைத்தேன். முழங்கை தேய்ந்து ரத்தம். முந்தானையால் துடைத்தேன். "குதிரை தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வண்டின்னா சத்தம் வரும்ட்டி. எது வருது, எவ்வளவு தூரத்துல வருதுன்னு காது சொல்லிரும். இங்கன ஒண்ணுமே வரலியே."

அப்புறம் எல்லாம் சொன்னார். இரண்டு வருஷமாக இப்படியாம். எல்லாம் புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத் தெரிகிறதாம். திருவேங்கடம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் பாலமும் உடம்புக்குத் தெரியும். மிச்சத்தை மூக்காண்டி சொல்லுவான். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு நாள், ரோட்டோரம் ஒரு சாக்கு மூட்டை கிடப்பதாக நினைத்து ஒட்டிக்கொண்டு போனாராம். மூக்காண்டி கத்தினதில் வண்டியை ஒடித்தார். மூட்டை எழுந்து ஓடிற்றாம். ஒரு கிழவி.

அறுபது பேர் ஏறுகிற வண்டி! நம்ம மக அவ பிள்ளையத் தூக்கிட்டு அதுலதான ஏறித் திருவேங்கடம் போனா போன மாசம்? நானும்தான ஏறினேன்? எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று எழுதக் கை வரவில்லை. "கொலைகாரப் பாவி" என்றுகூடச் சொல்லிவிட்டேன். "எனக்கு ஏன் சொல்லல? மூக்காண்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நீ சிரிப்ப."

அவ்வளவுதான் சொன்னார்.

படக் கார்டில் மாடு என்றபோது சிரித்தேன். போஸ்ட்மாஸ்டர் சாரைத் தெரியாமல் போனபோது கர்வம் என்றேன். பேப்பருக்கு மகாராஜா என்றேன். நேற்றுக் குரங்கு. ஒரு வருஷமாகக் கண் முன்னால் நடந்த எல்லாவற்றையும் வேடிக்கை என்று இந்த டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். யாருக்குக் கண் தெரியவில்லை?

டிசம்பர் 13 – வெள்ளி

காலையில் நானே பேச ஆரம்பித்தேன். "முதலாளிகிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

"ஸ்டியரிங்கை விட்டா நான் யாருட்டி? அறுபது பேரு 'டிரைவர் அண்ணாச்சி'ங்கான். நாளைக்கு என்னன்னு கூப்பிடுவான்?"

தெரியாது என்றே சொன்னேன். லைசென்ஸ் மட்டும் புதுப்பித்துவிட்டு, பகல் நடை மட்டும் ஓட்டுகிறேன், ஒரு வருஷம், என்று ஆரம்பித்தார். "நேத்து அந்தப் பிள்ள பகல்லதான் விழப் பாத்துச்சு" என்றேன்.

சாயங்காலம் எக்கோ பாயிண்ட் போனோம். நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஊரில் என்றால் கனவிலும் நடக்காது. இங்கே எங்களை யாருக்குத் தெரியும்? அந்த முனையில் நின்று கூப்பிட்டால் எதிர் மலை திருப்பிச் சொல்லுகிறது. ஆளுக்கு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "நீங்களும் ஏதாவது சொல்லுங்க" என்றேன். வெட்கப்பட்டார். அப்புறம் கையைக் குவித்துக்கொண்டு—

"பாம், பாம்!"

மலை இரண்டு முறை ஹாரன் அடித்தது. வடக்கத்தியக் குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்துச் சிரித்தது. வண்டி வராத ஊரில் ஹாரன் அடித்த ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். சட்டத்தில் இதற்குத் தண்டனை இருக்கிறதா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். நேற்றைக்குப் பிறகு முதல் தடவையாக.

முடிவு மட்டும் சொல்லவில்லை.

டிசம்பர் 14 – சனி, நேரல்

குட்டி ரயிலில் இறங்கி லோக்கலுக்கு நிற்கிறோம். பிளாட்பாரத்தில் அந்தப் பெரிய போர்டு. இவர் அதன் கிட்டே போய், ஒரு முழம் தூரத்தில் நின்று, கையால் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

டிசம்பர் 17 – செவ்வாய்

வீடு வந்தாயிற்று. செருப்பு, பை, புடவைக் கரை எல்லாம் செம்மண். ரயிலில் நானும் அவரும் மற்ற எல்லாவற்றையும் பேசினோம். இதைத் தவிர.

டிசம்பர் 18 – புதன்

மூக்காண்டி வந்தான். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். "மன்னிச்சிருங்கக்கா. விட்டுக் குடுக்க மனசு வரல" என்றான். அவனையும் திட்டினேன். காப்பி கொடுத்துத் திட்டினேன்.

நாளை இவருக்கு டூட்டி.

டிசம்பர் 19 – வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் காக்கிச் சட்டை போட்டு நிற்கிறார். பேட்ஜ் குத்தியிருக்கிறது. "என்ன இது?" என்றேன். "போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னால் ஓடியிருக்க வேண்டும். நேரே முதலாளி வீட்டுக்குப் போகலாமா? ஒன்பது மணிக்குப் போவோம், அதற்குள் அவரே சொல்லிவிட மாட்டாரா, ஒரு சந்தர்ப்பம் கொடுப்போமே— இப்படியே ஆபீஸுக்கு வந்துவிட்டேன். கோழை நானும்தான்.

ஒன்பது நாற்பது. கவுண்டரில் கூட்டம். என் கண் கடிகாரத்தில். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஹாரன் கேட்கக் கூடாது என்று கோமதியம்மனை வேண்டிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் வந்தது. கிட்டே வந்தது. ஆபீஸைத் தாண்டிற்று.

ஹாரன் இல்லை.

என்மேல் கோபத்தில் அடிக்காமல் போகிறாரோ? சீட்டை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன். பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. ஓட்டுகிறது யார்? தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் ஒருவர் நின்றார். காக்கிச் சட்டைதான். பேட்ஜ் இல்லை. பஸ் போன திசையில் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டே போனேன். பேட்ஜ் குத்தின இடத்தில் இரண்டு ஊசித் துளை. "மூணாவது கியருக்கு மாத்தாம இழுக்கான். புதுப் பையன்" என்றார்.

ஆபீஸ் மொத்தமும் ஜன்னலில் நின்றது. நான் அழுதேன். பார்த்தால் பார்க்கட்டும்.

டிசம்பர் 28 – சனி

திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். கண்புரை. இன்னும் முற்றணுமாம், ஆனி ஆடி வாக்கில் ஆபரேஷன், அப்புறம் தடிமனாகக் கண்ணாடி. படிக்கலாம், நடக்கலாம். பஸ் ஓட்ட முடியாது. டாக்டர் சொல்லும்போது இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டு. பாதி வழி தாண்டும்வரை வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. அதன்மேல் என் காலை வைத்தேன்.

ஜனவரி 6, 1986 – திங்கள்

முதலாளி நல்ல மனுஷர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று பார்க்க வேண்டும். எழுதிக்கொள்ள ஒரு ஆள் உண்டு. வண்டி மார்க்கெட் திரும்பும்போதே சத்தத்தை வைத்து இன்னது என்று இவர் சொல்லிவிடுகிறாராம். இன்று ஒருத்தர் பந்தயம் கட்டித் தோற்றார் என்று மூக்காண்டி சொன்னான். என்னவென்று கூப்பிடுகிறார்கள்? 'டிரைவர் அண்ணாச்சி'தான்.

ஜனவரி 12 – ஞாயிறு

காலையில் பேப்பரை என்னிடம் நீட்டினார். கண் எரிகிறது, வெளிச்சம் போதாது என்று ஏதும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலட்டி. வாசி" என்றார்.

வாசித்தேன். விளம்பரம் வரைக்கும்.

பிப்ரவரி 3 – திங்கள்

இன்று ஒன்பது நாற்பதுக்கு பாம், பாம். நான் துள்ளிவிட்டேன். முத்திரை மை பூராவும் கையில். வாசலுக்குப் போய்ப் பார்த்தால் இந்த ரூட்டுக்கு இன்றுதான் வந்த இன்னொரு புதுப் பையன் ஓட்டிக்கொண்டு போகிறான். தங்கப்பழம் என்று பெயர், இருபத்தாறு வயது இருக்கும். ரசீதா, "ஏக்கா, இது என்ன புதுத் தந்தி?" என்று கேட்டுவிட்டு மேஜையில் கவிழ்ந்து சிரிக்கிறாள். போஸ்ட்மாஸ்டர் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மத்தியானம் அந்தப் பையனே இன்லண்ட் லெட்டர் வாங்க வந்தான். "ஏம்ப்பா, இங்க எதுக்கு ஹாரன் அடிச்ச?" என்று கேட்டேன்.

பயந்துபோனான். "அண்ணாச்சி நேத்து கூட உக்காந்து ரூட் சொல்லித் தந்தாகம்மா. பள்ளம், பாலம், விலக்கு எல்லாம் சொன்னாக. தபால் ஆபீஸ் முன்னால ஒரு வளைவு இருக்கு, காலை நடையில கண்டிப்பா ரெண்டு ஹாரன் அடிக்கணும்னாக." தலையைச் சொறிந்தான். "நானும் நல்லா உத்துப் பாத்தேன். எனக்கு ஒரு வளைவும் தெரியல. அண்ணாச்சிக்குக் கண்ணு செரியில்லங்கிறதால சொல்லுதாகளோ?"

இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கொடுத்தேன். ரசீதா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், இருக்கட்டும்.

"இருக்குப்பா" என்றேன். "வளைவு இருக்கு. தினமும் அடிச்சிட்டுப் போ."